சர்வே எண் இல்லாத பாதை

வரைபடத்தில் உர்க்கிசூலோ
ஓர் ஈ உட்கார்ந்து எழுந்த இடம்.
ஏழு வீடு, ஒரு சிற்றாலயம்,
பீச் மரங்களுக்குள் பேசிக்கொண்டே இறங்கும் ஓடை.
மேற்கே மலை. அதனால் மாலை நான்குக்கே
கீழ்வீடுகளில் விளக்குப் போட்டுவிடுவார்கள்.
மேலே, கோயெனெச்சேயில்,
துணி இன்னும் வெயிலில் காயும்.

என் வேலை வீடுகளுக்கு எண் ஒட்டுவது,
பாதைகளுக்கு அகலம் எழுதுவது.
"எண் எதுக்கு? அதான் பேர் இருக்கே"
என்றாள் கிராசியானா, பசுவின் வயிற்றில்
நெற்றியை முட்டுக்கொடுத்துக் கறந்தபடி.
வீட்டின் பேர்தான் ஆளுக்கும்.
ஞானஸ்நானப் பேர் பதிவேட்டில் கிடக்கும்;
ஊர்வாயில் அவன் எர்ரொட்டால்டே, இவன் சரோபே.
வீட்டை விற்றாலும் வாங்கினவன்மேல்
ஒரு குளிர்காலத்துக்குள் அந்தப் பேர் ஏறிவிடும்,
சுவரில் ஓதம் ஏறுகிற மாதிரி.
எச்செபெர்ரியா என்றால் புதுவீடு.
அதன் நிலைக்கல்லில் செதுக்கிய ஆண்டு 1641.

சரித்திரம் கேட்டேன்.
ஆண்டுக்கணக்கு யாரிடமும் இல்லை.
படை வந்து பன்றிகளைத் தின்றுபோன வருஷம்,
ஓடை இரண்டாகப் பிரிந்து மில்லைக் கொண்டுபோன வருஷம்.
வீடு ஒருவனுக்கு, மற்றவனுக்குக் கப்பல்.
ஐடஹோவில் ஆடு மேய்த்த மத்தேயோ
பணம் அனுப்பி வார்த்த ஆலய மணியில்
அவன் பேரிலேயே ஓரெழுத்துப் பிழை.
அந்தப் பிழையோடுதான் அடிக்கிறது.

சரோபே வீட்டு பெத்ரி
எல்லைக்கல் ஒன்றைக் கடப்பாரையால் நெம்பிக் காட்டினான்.
அடியில் ஓட்டுத் துண்டுகள், மூன்று.
ஒரே ஓட்டை உடைத்துப் புதைத்தவை.
சாட்சி என்று சொல்கிறார்கள்.
வழக்கு வந்தால் தோண்டு;
விளிம்போடு விளிம்பு பொருந்தினால் கல் பொய்யில்லை.
பொருந்தாவிட்டால்
யாரோ ஓர் இரவு வேலை செய்திருக்கிறான்.

பிறகு பிணப்பாதைகள்.
வீட்டுக்கு ஒன்று, ஆலயம் வரை.
சவம் போன தடத்துக்கு எவரும் வேலி போடக்கூடாது.
எச்செபெர்ரியாவின் பாதையை மட்டும் காணோம்.
"கோயெனெச்சேக்காரி சோளத்துக்குள்ள இருக்கு."
என்ன அகலம்?
"நாலு பேர் தூக்குற அகலம்."
கடைசியாக எப்போது?
"முப்பத்தொண்ணுல."
அப்புறம் அந்த வீட்டில் சாவே விழவில்லையா?
பெத்ரி தன் பூட்ஸைப் பார்த்தான்.

முப்பத்தாறு, ஆகஸ்ட்.
மரம் அறுக்கும் ஆலையில் சங்கம் வைத்த ஹிலாரியோவை
லாரியில் ஏற்றிப் போனார்கள்.
மனைவி கைக்குழந்தையோடு மலை தாண்டி பயோனுக்கு.
பாதை இருந்தது, தூக்கத்தான் சவம் இல்லை.
முதல் வருஷம் ஓரத்தில் ஒரு சால் உழுதார்கள்,
மறுவருஷம் இன்னொன்று.
அப்புறம் சோளம் சோளத்தோடு சேர்ந்துகொண்டது.
லாரிக்கு வழிகாட்டிய கை எந்த வீட்டுக் கை என்பது
ஊருக்குத் தெரியும்.
கிராசியானாவுக்கும் தெரியும்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
பாதை வழக்கொழிந்தது.

அடுத்த கோடையில்
சுண்ணாம்புக் காளவாய்க்குப் பின்னால்
ஐந்து பேர் கிடைத்தார்கள், ஒன்பது பித்தான்,
ஒரு பென்சில்.
பயோனிலிருந்து ஒருத்தி
பஞ்சில் எச்சில் தொட்டு அனுப்பியிருந்தாள்.
பொருந்தியது.

பெட்டி ஒரு கை நீளம்.
புதுவீட்டு வாசலில் இறக்கி மறுபடி எடுத்தார்கள்;
புறப்பாடு அங்கிருந்துதான் ஆகவேண்டுமாம்.
நான் அளவுநாடாவோடு வேலியோரம் நின்றேன்.
கிராசியானா விடியுமுன்பே வந்திருக்கிறாள்.
பால் பிடித்த கதிரோடு, பச்சையாக,
கொல்லையை இந்த மதிலிலிருந்து அந்த மதில்வரை
அரிந்து போட்டிருந்தாள்.
பெட்டியை ஒருத்தியே தூக்கிவிடலாம்,
ஆனாலும் நாலு பேர் அகலம்.
கூட்டம் கடந்துபோகும்வரை
அரிவாளை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு
மதிலோரம் நின்றாள்.
யாரும் அவளிடம் பேசவில்லை.
பெட்டி வைத்திருந்தவள் மட்டும்
ஊர் தெரியாதவள், தலையசைத்தாள்.

எல்லோரும் போனபின் அளந்தேன்.
இரண்டு மீட்டர் பத்து.
நடுவில் ஓரிடத்தில் இரண்டு நாற்பது,
அங்கே அரிவாள் கொஞ்சம் விலகியிருக்கிறது.
அதையும் எழுதினேன்.